ஓநாயின் நிலத்திற்கு என்ன பெயர்?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 ஓநாயை முதலாம் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. மனித உயிருக்கு ஆபத்தாகி, உயிருடன் பிடிக்கவோ இடம்பெயர்க்கவோ இயலாதபோது கொல்லலாம் என்கிறது 11ஆம் பிரிவு. 2024இல் பஹ்ராயிச்சில் ஏழைக் குழந்தைகள் பலியானபின் சோதனைக்குள்ளான நெறி இது.

ஆனால் கொல்லும் தருணத்தை வரையறுக்கும் நெறி மட்டும் போதாது. இந்திய ஓநாய் தொன்மையான தனி மரபுவழி என்பதற்கு மரபணுச் சான்றளித்த ஆய்வுகளில் ஹப்சிகுடாவின் சிசிஎம்பி ஆய்வும் ஒன்று. இதே ஹைதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் பங்கேற்று உருவாக்கும் தரிசுநில வரைபடத் தொகுப்போ, அவ்வோநாய் வாழும் புதர்வெளிகள் பலவற்றைத் ‘தரிசு’ என வகைப்படுத்துகிறது. அச்சொல் விழுந்த நிலம் எளிதில் கைமாறுகிறது. ஓநாயும் ஊரும் நெருங்குகின்றன. புதர்வெளியை வாழிடமெனப் பெயரிட்டுப் பதிவு செய்வதே காப்பின் முதற்படி.