மானசரோவரில் பனி உடையும் காலம்

காஞ்சிக்கு அருகே, பாலாற்றங்கரையில் உள்ள ஓரிக்கை, எம்பெருமான் திருமழிசையாழ்வாரைப் பின்தொடர்ந்து வந்து ஓர் இரவு தங்கிய தலம். அப்பகுதிப் பெரியோர் ஐப்பசி மழையில் ஏரிக்கரையை ஒருமுறை நடந்து பார்த்தே, அது தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுவர். ஆனால் நீரே கல்லாக உறைந்து கிடக்கும் ஏரி என்று இளகும் எனக் கணிப்பது வேறு கலை. அது திருக்கயிலையின் அடிவாரத்தில் வாழ்வோர்க்கு உரியது.

மானசரோவர் சுமார் 4,590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றளவு ஏறத்தாழ 88 கிலோமீட்டர். கடுங்குளிரில் அத்தனை பரப்பும் உறைந்துபோகும். ஆந்திர தேசத்தவரான சுவாமி பிரணவானந்தர் 1936-37 குளிர்காலம் முழுவதையும் அதன் தென்கரையிலுள்ள துகோல்ஹோ மடத்தில் கழித்து, ஏரி உறைவதையும் உடைவதையும் கண்ணால் கண்டு குறித்து வைத்தார். 1949-இல் வெளிவந்த அவரது கயிலை நூலுக்கு ஜவாஹர்லால் நேரு முன்னுரை வழங்கினார். தவம் என்பதற்கு இப்படியும் ஒரு வடிவம் உண்டு போலும்!

உறைந்த ஏரி நடுக்குளிரில் இடிபோல் முழங்கும். அச்சமூட்டும் அவ்வொலி, குளிரில் பனி சுருங்கி வெடிப்பதால் எழுவது; ஏரி உடையப்போவதற்கு அடையாளமன்று. உண்மையான அடையாளங்கள் ஓசையின்றி வருவன. ஓடைகள் வந்து கலக்கும் இடங்களிலும் கரையோரத்திலும் முதலில் நீர் தலைகாட்டும். வெண்மையாக இருந்த பனி சாம்பல் நிறமாகிக் கருக்கும். வெயிலில் உருகிய நீர் உள்ளே இறங்கி, பனிப்பாளத்தை நெட்டுக்குத்தான ஊசிகளாகப் பிரித்துவிடும். அப்போது அரை முழக் கனம் இருந்தாலும் ஆள் பாரம் தாங்காது. இரவுக் குளிரில் மேற்பரப்பு மீண்டும் இறுகுவதால் காலையில் உறுதியாகத் தோன்றும். நண்பகலில் காலடியில் நொறுங்கும். வழியைச் சுருக்க எண்ணி ஏரியின்மேல் நடப்பவர் உயிரிழப்பது இவ்வாறே. இந்நிலையில் பலத்த காற்று ஒன்று வீசினால் போதும், பல மாதம் கிடந்த பனி சில நாளில் சிதறி, காற்று தள்ளும் கரையில் குவிந்துவிடும்.

1981-இல் தொடங்கி, 2020-இல் நின்று, 2025-இல் மீண்டும் நடந்த நம் அரசின் கயிலை யாத்திரை ஜூன் மாதத்தில் புறப்படுவது. அடியார்கள் கரை சேரும்போது ஏரியில் பனி இருப்பதில்லை. நீலநீரில் கயிலையின் நிழல் தெரியும்.