மஞ்சள் காமாலை மந்திரமும் இரத்தக் கணக்கும்

தென்பெண்ணை ஆற்றங்கரையிலுள்ள மணலூர்பேட்டைக்கு வருஷந்தோறும் தை 5ஆம் நாள் திருவண்ணாமலைச் சாமியைத் தூக்கிவந்து தீர்த்தவாரி நடத்துகிறார்கள். சாமி குளிப்பதைப் பற்றிப் பேச இப்போது நாம் வரவில்லை. கண் மஞ்சளானவுடன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மந்திரிக்கிறவனைத் தேடி ஓடும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லையே, அதைப் பற்றியே சிறிது பேச ஆசைப்படுகின்றோம். ஏனெனில் இது காசு போகும் விஷயம் மாத்திரமல்ல, உயிர் போகும் விஷயமுமாகும்.

மந்திரிக்கிறவன் என்ன செய்கிறான்? வேப்பிலை அடிக்கிறான், கையில் சூடு போடுகிறான், கண்ணில் ஏதோ சாற்றைப் பிழிகிறான், உப்பில்லாப் பத்தியம் வைக்கிறான். சில இடங்களில் நோயாளியின் கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீர் மஞ்சளானதைக் காட்டி, “பார், காமாலை இறங்குகிறது” என்கிறான். தோழர்களே! மாம்பட்டைச் சாற்றைத் தடவிய கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினால் யார் கையானாலும் மஞ்சள் நிறம் வரும். நோயே இல்லாத ஒருவனுடைய கையை, அல்லது அந்த மந்திரவாதியின் கையையே, அப்படிக் கழுவிப் பார்க்கட்டுமே! அப்போது வரும் மஞ்சள் எந்தக் காமாலையோ?

“ஆனால் மந்திரித்தவர்கள் பிழைத்துக் கொண்டார்களே” என்பார்கள். ஆம், பிழைத்தார்கள். ஏன் பிழைத்தார்கள் என்பதுதான் கேள்வி. நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து அழிகின்றன. அவை அழியும்போது உண்டாகும் மஞ்சள் பொருளுக்குப் பிலிரூபின் என்று பெயர். அதைப் பித்தத்தோடு சேர்த்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. கல்லீரல் வீங்கினால் அது இரத்தத்தில் தேங்குகிறது. 100 மில்லிலிட்டர் இரத்த நீரில் சுமார் 1 மில்லிகிராம் வரை இருக்க வேண்டியது, 2, 3 என்று ஏறிய பிறகே கண்ணில் மஞ்சள் தெரிகிறது. மலம் கலந்த தண்ணீரால் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். தானே இறங்குகிற ஆற்று வெள்ளத்தைத் தன் கைத்தடியால் இறக்கினேன் என்று ஒருவன் சொன்னால் நீங்கள் கூலி கொடுப்பீர்களா?

தானே தணியாத காமாலையும் உண்டு. பித்தக்குழாயைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், எலிக்காய்ச்சலிலும் ஆகும், சாராயத்தால் கெட்ட கல்லீரலாலும் ஆகும். ஈ வகைக் காமாலை கர்ப்பிணிகளை, அதிலும் மாதம் முதிர்ந்தவர்களை, கொன்றுவிடக் கூடியது. இத்தனைக்கும் ஒரே வேப்பிலைதானா?

இவற்றைப் பிரித்தறிய இரத்தத்தைத்தான் கேட்க வேண்டும். கல்லீரல் அணுக்கள் உடையும்போது எஸ்.ஜி.பி.டி. என்னும் பொருள் இரத்தத்தில் கசிகிறது. 40 அளவில் இருக்க வேண்டியது ஆயிரத்துக்கும் மேலே போகும். அது இறங்கினால் நல்லதுதானே என்று நினைக்கலாம். இங்கேதான் ஏமாந்து போகிறவர்கள் அதிகம். எஸ்.ஜி.பி.டி. இறங்கிக் கொண்டிருக்க, பிலிரூபின் ஏறிக் கொண்டும், இரத்தம் உறையும் நேரம் நீண்டு கொண்டும் போனால், உடைவதற்கு இனி அணுக்களே மிச்சமில்லை என்று அர்த்தம். இரத்தத்தை உறைய வைக்கும் சரக்கில் பெரும்பகுதியைக் கல்லீரலே செய்கிறபடியால், அதன் சக்தி போனதை இந்தக் கணக்கு சீக்கிரமே காட்டிவிடும். எந்த மந்திரத்திற்கு இந்தக் கணக்குத் தெரியும் என்று கேட்கின்றோம்.

நிற்க. பச்சிலை என்றாலே நாம் பரிகசிப்பதாகச் சிலர் குறை கூறலாம். அது சரியல்ல. கீழாநெல்லியையே எடுத்துக் கொள்வோம். பி வகைக் காமாலைக் கிருமியின் அடையாளத்தை இரத்தத்தில் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் என்னும் அமெரிக்கரும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், மற்றவர்களும் சேர்ந்து அதைப் பரீட்சித்து 1988இல் வெளியிட்டார்கள். ஒரு சாராருக்குக் கீழாநெல்லித் தூள், மற்றொரு சாராருக்கு வெறும் போலித் தூள். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் மறைந்தது. போலித் தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே நம் பச்சிலையைத் திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதையும் ஒளிக்காமல் அச்சிட்டார்கள். நோபல் பரிசுக்காரர் பெயர் இருக்கிறதே என்று ஒருவரும் கன்னத்தில் போட்டுக் கொள்ளவில்லை. எந்த மந்திரவாதியாவது தன் மந்திரம் பலிக்காத கணக்கை எழுதி வைத்ததுண்டா? செத்தவனைப் “பத்தியம் தவறினான்” என்று ஏசுவதுதானே அவர்கள் வழக்கம்!

சர்க்கரை நோயிலும் இதே கூத்துதான். 1922இல் டொராண்டோவில் 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போட்டுப் பிழைக்க வைக்கும்வரை அவ்வித நோயுற்ற பிள்ளைகளுக்குச் சாவு நிச்சயம். இன்று அந்த ஊசியை நிறுத்திவிட்டுத் தாயத்துக் கட்டுகிறவர்கள், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் இரத்தச் சோதனையைத் தாயத்துக்கு முன்னும் பின்னும் செய்து பார்க்கட்டும். (தேவையில்லாத சோதனைகளைக் கட்டுக்கட்டாக விற்கும் கடைகளையும் நாம் ஆதரிக்கவில்லை, அது வேறு புரட்டு.)

ஆகவே மணலூர்பேட்டைத் தோழர்களுக்கும் சுற்றுக் கிராமத்தாருக்கும் சொல்லுகின்றோம்: கண் மஞ்சளானால் அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுங்கள். கர்ப்பிணியானாலும், நோயாளி பிதற்றினாலும், பகலெல்லாம் தூங்கி வழிந்தாலும், ஈறில் இரத்தம் கசிந்தாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் பி வகைக் காமாலைத் தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். மந்திரிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லுகின்றோம்: பத்து நோயாளிகளுக்கு மந்திரியுங்கள், பத்துப் பேருக்கு மந்திரிக்காதீர்கள், இருபது பேரையும் டாக்டர்கள் கவனிக்கட்டும், இருபது பேர் இரத்தக் கணக்கையும் ஊர் நடுவே பலகையில் எழுதி வைப்போம். வருகிறவர்கள் வரலாம்.