நாலாயிரம் ரூபாய் ஹலோ!

"ஆபீஸுக்கு இன்டர்காம் போடணும்வே. நாலாயிரத்துக்குள்ள முடியுமா?" என்று அண்ணாச்சி கேட்டார். "முடிச்சிரலாம் அண்ணாச்சி" என்றேன். அந்த வாய்க்குத்தான் முதலில் பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

எங்களுடையது புளியறையில் லாரி புக்கிங் ஆபீஸ். செங்கோட்டை தாண்டி, கேரளா எல்லைக்குக் கொஞ்சம் முன்னால். ஒரே ஒரு லேண்ட்லைன். இருபது வருஷமாக பில் புக்கிலும் லாரி முதுகிலும் அந்த நம்பர்தான் என்பதால், 'செல்போன்' என்று யாராவது ஆரம்பித்தாலே அண்ணாச்சிக்கு மூக்கு சிவக்கும். போன் வந்தால் நான் வெளியே ஓடி குடோனைப் பார்த்துக் கத்த வேண்டும். ஆடிக் காற்றில் 'கொல்லம் லோடு!' என்று கத்தினால், 'யாரைவே கொல்லணும்?' என்று பதில் வரும்.

ஒரு கல்யாணத்துக்காக பொதிகையில் சென்னை போனவன், ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன். 3 லைன், 8 எக்ஸ்டென்ஷன் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி, செகண்ட்ஹேண்ட், 1,900 ரூபாய். பக்கத்துக் கடையில் டிஸ்ப்ளே, ஏகப்பட்ட பட்டன்களோடு நாலு போன், 1,600. மிச்சம் 500. கணக்கில் புலி என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஊருக்கு வந்து மாட்டினால் நாலும் மூச்சு விடவில்லை. ரிடையர்டு லைன்மேன் ஒருவரைக் கூட்டி வந்தேன். போனைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது டிஜிட்டல் போன் தம்பி. செஞ்ச கம்பெனிப் பெட்டிகிட்ட மட்டும்தான் பேசும்."

தீபாவளிக்கு மோதிரம் கிடைக்காத மாப்பிள்ளை மாதிரி!

சாதா போனுக்கு அந்த கௌரவமெல்லாம் கிடையாது. ரெண்டே ஒயர். ரிசீவரைத் தூக்கினால் கரண்ட் ஓடும். 'யாரோ எடுத்துட்டாங்க' என்று பெட்டி புரிந்துகொண்டு டயல் டோன் கொடுக்கும். எந்தக் கம்பெனி என்று கேட்காது. நீங்கள் வாங்கப் போனால் கடையிலேயே போனைப் பெட்டியில் மாட்டச் சொல்லி, டயல் டோன் காதில் விழுந்த பிறகு பர்ஸைத் திறங்கள்.

ஊரில் பரண்களைக் குடைந்து, ஐம்பது ரூபாய் வீதம் மூன்று சாதா போன் பிடித்தோம். நாலாவது, லைன்மேன் வீட்டுக் கறுப்பு டயல் போன். அதில் 5 சுற்றினால், லைன் ஐந்து முறை விட்டு விட்டுச் சேரும். அவ்வளவுதான் சூட்சுமம். அவர் டயலைத் தொடாமலே கொக்கியைப் பத்து முறை தட்டினார். அது பூஜ்யமாம், வெளி லைன் கிடைத்தது! நான் தட்டினேன், குடோனில் மணி அடித்தது.

ஒயர் 350. மொத்தம் சரியாக நாலாயிரம். லைன்மேனின் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் என் சொந்தக் கணக்கு.

ஸ்ட்ரோஜர் என்று ஓர் அமெரிக்கர். சவ அடக்கம் செய்து கொடுக்கும் தொழில். எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண், தனக்கு வரும் 'பிசினஸை' போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்ற எரிச்சலில்தான் ஆளே இல்லாத ஆட்டோமேடிக் எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தார் என்பார்கள். 1891-ல் பேட்டன்ட்.

எங்கள் பெட்டியிலும் ஒரு திருப்பிவிடும் வேலை உண்டு. கரண்ட் போனால் வெளி லைன் நேராக முதல் எக்ஸ்டென்ஷனுக்குப் போய்விடும். முதல் எக்ஸ்டென்ஷனை மரியாதைக்காக அண்ணாச்சி வீட்டுக்குக் கொடுத்திருந்தேன். போன வாரம் மரம் சாய்ந்து மத்தியானம் முழுக்கக் கரண்ட் இல்லை. எங்கள் மேஜையில் ஒரு மணியும் அடிக்கவில்லை. சாயங்காலம் மதினி ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். மூன்று லோடு புக்கிங். நாங்கள் கேட்கும் வாடகையைவிட லோடுக்கு ஐந்நூறு கூட!

இப்போதெல்லாம் கரண்ட் வந்தால்தான் அண்ணாச்சி முகம் சுளிக்கிறார்.