இரண்டு நிமிடத்துக்கு என்ன கூலி?

வல்லை வெளியை அறியாதவர் வடமராட்சிக்குச் சென்றறியாதவர். அங்கே வீடு இல்லை. ஒதுங்க ஒரு நிழல் இல்லை. காற்று உண்டு, வெயில் உண்டு, இருமருங்கும் உவர்நிலம் உண்டு. சென்ற மாசி மாதத்து நண்பகல் ஒன்றிலே, அந்த வெளியின் நடுவில் எனது மோட்டார் வண்டி நின்றுவிட்டது. பருத்தித்துறையில் ஓர் இலக்கியக் கூட்டம், பேச்சாளன் யான். உடன் வந்தவர் கணக்காளராயிருந்து இளைப்பாறிய நண்பர்.

வண்டி மொறிஸ் மைனர். என் தந்தையார் வைத்திருந்தது, என்னிலும் மூத்தது. மூத்தோர்க்குரிய பிடிவாதம் அதற்கும் உண்டு.

நெல்லியடியில் கராஜ் வைத்திருக்கும் இளைஞர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். மோட்டார் சைக்கிளில் வந்தார். திறப்பைத் திருப்பச் சொல்லிச் செவி சாய்த்தார். “சத்தம் இல்லை” என்றார். முன்மூடியை உயர்த்தி, உட்சுவரிலே பொருத்தியிருந்த ஒரு சிறு பம்பை, திருகாணி முடுக்கியின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார். ‘டிக், டிக், டிக்’ என்றது அது. இயந்திரம் எழுந்துவிட்டது. வந்து இறங்கியதிலிருந்து இரண்டு நிமிடம். நண்பர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எவ்வளவு, தம்பி?”

“2,500 ரூபா தாங்கோ, சேர். இது நிலைக்காது. நாளைக்குக் கராஜுக்குக் கொண்டு வந்தீங்களெண்டால் கழற்றித் துப்புரவாக்கித் தாறன். அதுக்கு ஆயிரம் வரும்.”

கொடுத்தேன். முகம் மலர்ந்து கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். “ஒரு தட்டுக்கு 1,250 ரூபா” என்று நண்பர் வழியெல்லாம் வகுத்துக் காட்டினார். கணக்கிலே பிழை இல்லை. அன்றைய கூட்டத்தில் யான் பேசியது சோபிக்கவில்லை. என் மனமும் வகுத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பம்பின் இரகசியத்தை மறுநாள் அந்த இளைஞரே எனக்கு விளக்கினார். பெற்றோலை இழுப்பது ஒரு சவ்வு. சவ்வை இழுப்பது ஒரு மின்காந்தம். காந்தத்துக்கு மின்சாரத்தை விடுவதும் தடுப்பதும் இரண்டு சிறு முனைகள். அவை தொட்டும் விட்டும், தொட்டும் விட்டும் இயங்கும். அதுவே நாம் கேட்கும் ‘டிக், டிக்’. தீப்பொறி பட்டுப் பட்டு முனைகள் அரித்துப் போனால், தொட்டும் தொடாமலே நிற்கும். பம்பு ஊமையாகிவிடும். தட்டினால் ஒருகால் தொடும். ஆகவே அவர் செய்தது தட்டியது அன்று, கேட்டது. இல்லாத ஒலியைக் கேட்டு நோயை அறிந்தது. தட்டுதல் அதன்பின் வந்த சிறு செயல்.

இனி, யான் மறைத்து வைத்திருந்த ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். ஈராண்டுக்கு முன் இதே வண்டிக்கு இதே நோய் வந்தது. அப்போது வேறோர் இடத்தில் மூன்று நாள் விட்டிருந்தேன். பிளக்குகளை மாற்றினார்கள், கொயிலை மாற்றினார்கள், பற்றறியும் புதிதாயிற்று. 38,000 ரூபா. உடலெல்லாம் எண்ணெயும் கரியுமாய் நின்ற அவர்களைக் கண்டு மனம் இரங்கி, தேநீர்ச் செலவுக்கென்று மேலும் ஐந்நூறு கொடுத்து வந்தேன். நோய் தீரவில்லை, சில காலம் உறங்கிக் கிடந்தது. மூன்று நாள் அறியாமைக்கு முகமலர்ச்சியோடு 38,500. இரண்டு நிமிட அறிவுக்கு முகஞ்சுளித்து 2,500. இதுவே யான் வழங்கிய நீதி.

இதில் என்னை மட்டும் நோவதற்கில்லை. ‘கூலி’ என்ற சொல்லை வள்ளுவர் உடல் வருத்தத்தோடு சேர்த்து வைத்தார். நம் மனமும் அங்கேயே நிற்கிறது. வியர்வையைக் கண்டால் பணப்பை திறக்கும். வியர்வை இல்லையேல் ஏமாற்றப்பட்டோம் என்று தோன்றும். இதன் விளைவு யாது? விரைந்து முடிக்க வல்லவன் ஒருநாள் கண்டுகொள்கிறான்: காலையில் வந்த வண்டியை மாலைவரை வைத்திருந்து, கழற்ற வேண்டாததையும் கழற்றிப் பரப்பிவைத்தால், உரியவர் பேரம் பேசாமற் போவார். பொய்யை அவனுக்குக் கற்பித்தவர் யார்? நாமே.

யானும் அந்தப் பொய்யைக் கற்றவன்தான். யாழ்ப்பாணத்திலே ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அச்சாகும். பாட்டுக்குப் பண்டிதரிடம் வருவார்கள். “உங்களுக்கு அஞ்சு நிமிசம்தானே, ஐயா” என்பார்கள். உண்மை, வெண்பா ஐந்து நிமிடத்திலும் வரும். வந்த அன்றே கொடுத்தால் ஒரு வெற்றிலைத் தட்டோடு காரியம் முடியும். ஆகவே, “மூன்று நாள் கழித்து வாருங்கள், யோசிக்க வேண்டும்” என்று சொல்லப் பழகிவிட்டேன். பாட்டு அன்றிரவே எழுதியாகிவிடும். மூன்று நாளும் மேசையிலே அது சும்மா கிடக்கும். மூன்றாம் நாள் வருபவர் பாட்டைக் கையிலெடுக்கும் மரியாதையே வேறு.

நிற்க. இவ்வழக்கு புதிதன்று. 1878ஆம் ஆண்டு இலண்டன் நீதிமன்றத்திலே ஓவியர் விஸ்லர், விமரிசகர் ரஸ்கின்மீது மானநட்ட வழக்குத் தொடுத்தார். வர்ணக் கலயத்தைச் சபையோர் முகத்தில் வீசிவிட்டு 200 கினி கேட்கிறான் என்னும் பொருள்பட ரஸ்கின் எழுதியிருந்தார். இரண்டு நாள் வேலைக்கா இந்த விலை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மடக்கினார். அன்று, வாழ்நாள் முழுதும் தேடிய அறிவுக்கு என்று விஸ்லர் விடை தந்தார். தீர்ப்பு விஸ்லர் பக்கம். கிடைத்த நட்டஈடோ ஒரு பார்த்திங், ஒரு பென்னியின் காற்பங்கு. மறு ஆண்டில் அவர் கடனாளியாய் வீழ்ந்தார். எனக்கு வியப்பு ரஸ்கினைப் பற்றியே. ‘அன்ரு திஸ் லாஸ்ற்’ என்று கூலியின் நீதியை ஆராய்ந்து நூல் செய்தவர் அவர். காந்தியடிகள் 1904இல் தென்னாபிரிக்காவில் அதனைப் படித்துத் தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். கூலியின் நீதியை அத்துணை நுணுகிக் கண்டவருக்கும் விரைந்த கையைக் கண்டபோது கண் மறைத்துவிட்டது.

நெல்லியடி இளைஞரின் இரண்டு நிமிடத்துக்குப் பின்னாலும் ஒரு பரம்பரை உண்டு. அவருடைய குருநாதர் 1990க்குப் பின் வடக்கிலே பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்துத் தொழிலாளி. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை ஊட்டி இயந்திரத்தை எழுப்பி, அப்பால் மண்ணெண்ணெயில் ஓடவிட்ட வித்தை அந்நாளையது. அக்காலத்து மாணாக்கராகிய நாங்கள் அந்தப் புகையைச் சுவாசித்தோம். அவர்களோ அதிலே இலக்கணம் கற்றார்கள். மருந்தும் உதிரிப்பாகமும் இல்லாத இடத்தில் நோயறியும் செவி கூர்மையடையும் போலும்.

நண்பருக்கு இன்னொரு மயக்கமும் உண்டு. அவர் மனத்திலுள்ள ரூபா பழைய ரூபா. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்துக்குள் 360ஐ அண்டிவிட்டது. 2020 முதல் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025இலேதான் வழி திறந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் பழைய வண்டிகளை உயிரோடு வைத்திருந்தவர்கள் இந்தக் கைகளே. அரிசிக்கும் தேங்காய்க்கும் புது விலை கொடுக்கும் நாம், வித்தைக்கு மாத்திரம் பழைய விலை பேசுகிறோம்.

இவ்வளவும் சொன்னதனால், மெக்கானிக் கேட்டதெல்லாம் நியாயம் என்று யான் வாதிப்பதாகக் கொள்ளற்க. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழ்கின்ற பட்டினப்பாலை, வாங்குவதில் மிகையும் கொடுப்பதில் குறையும் அவர்களிடம் இல்லை என்கிறது. பண்டத்துக்குத் தராசு உண்டு. மிகையும் குறையும் முள்ளிலே தெரியும். வித்தைக்கு முள் எங்கே? மேல்நாட்டு வேலைத்தலங்களில் இந்த வேலைக்கு இத்தனை மணி என்று கையேடு வகுத்திருக்கும். அரை நேரத்தில் முடித்தாலும் முழுக் கூலி. நமக்கு அத்தகைய கையேடும் இல்லை. எனக்குத் தோன்றிய சோதனை ஒன்று உண்டு. மறுநாள் அந்த இளைஞரிடம் கேட்டேன்: “இதே பம்பை இங்கே வைத்துத் தட்டியிருந்தால் எவ்வளவு?” “ஆயிரம், சேர்.” மீதி 1,500? ஒரு வண்டியின் சில்லைக் கழற்றியபடி விட்டு, கடையைப் பூட்டி, பெற்றோல் எரித்து வந்திருக்கிறார். அது வழியின் விலை. ஏற்றுக்கொள்ளலாம். பதினாயிரம் கேட்டிருந்தாலும் அந்த வெளியிலே நாங்கள் கொடுத்தே இருப்போம். ஆனால் அது வெயிலின் விலை. அறிவுக்கு விலை கொள்ளலாம், வழிக்கும் கொள்ளலாம். பிறன் பரிதவிப்புக்கு விலை கொள்வது வேறு தொழில்.

அவரிடம் ஒரு குறை கண்டேன். புறப்படுமுன் தொகையைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குறையில் பாதி என்னுடையது, யான் கேட்கவில்லை. நம்மூரிலே கேட்பது மரியாதையன்று, சொல்வதும் மரியாதையன்று. “பார்த்துத் தாங்கோ” என்பது வழக்கு. கேட்பதற்கு இனிமையான சொற்றொடர். கொடுத்தவன் அதிகம் கொடுத்தேன் என்றும், வாங்கியவன் குறைய வாங்கினேன் என்றும் பிரிந்து போவதற்கு இதனினும் சிறந்த வழி இல்லை. கல்வெட்டுப் பாட்டுக்கு “உங்கள் விருப்பம்” என்று சொல்லிவிட்டு, வெற்றிலைத் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகின்ற யானும் இதிலே குற்றவாளி.

முனைகளைத் துப்புரவாக்கி ஆயிரம் வாங்கிக்கொண்டார். கழற்றிய முனைகளைக் காட்டினார். கரிந்து குழி விழுந்திருந்தன. பம்பு இன்னும் ஓராண்டு செல்லும், அதன்பின் மாற்ற வேண்டும் என்றார். இம்முறை கேட்குமுன்னரே விலையையும் சொல்லிவிட்டார். அந்தத் தொகையை நண்பருக்கு யான் இன்னும் தெரிவிக்கவில்லை.