இரை போட்டுவிட்டால் அநீதி நீங்கிவிடுமா?

கடற்பூங்காக்களில் நடந்த ஓர்கா வித்தைகளைப் பற்றிப் பேச்செழும்போது நம்மவர்களில் சிலர் ஒரு வாதத்தை முன்வைக்கின்றனர். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ், உணவளிக்காதவர்களுக்கான எச்சரிக்கை. அப்பூங்காக்களோ வாளி வாளியாக மீன் போட்டன, மருத்துவரையும் வைத்துப் பராமரித்தன. பறவை வளர்ப்பதை மார்க்கம் அனுமதிக்கவில்லையா என்கின்றனர். மார்க்கத்தைச் சான்றாக்கிப் பேசுவதால் இதற்கு மறுமொழி கூறாமல் நாம் கடந்து செல்ல இயலாது.

சிறுவர் அபூ உமைர் (ரலி) வளர்த்த சின்னஞ்சிறு பறவையை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் அந்தச் சலுகையைக் கொண்டு 20 அடி நீளமுள்ள ஓர்காவைத் தொட்டியில் அடைப்பதை நியாயப்படுத்துவோர், அவை எப்படிப் பிடிக்கப்பட்டன என்பதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

1965-ல் அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் ஒரு பெண் குட்டி பிடிபட்டது. பிடிக்கும்போதே அதன் தாய் ஈட்டிக்கு இரையானது. அந்தக் குட்டிதான் சான்டியாகோவின் சீவேர்ல்டுக்கு விற்கப்பட்ட 'ஷாமு'. அது 1971-ல் இறந்தது. பெயர் மட்டும் சாகவில்லை. அடுத்தடுத்து வந்த ஓர்காக்களுக்கும் அதே பெயரைச் சூட்டி மேடையேற்றினார்கள். 1970 ஆகஸ்டில் பென் கோவ் என்னும் விரிகுடாவில் படகுகளாலும் வெடிகளாலும் விரட்டி எண்பதுக்கும் மேற்பட்ட ஓர்காக்களைச் சுற்றி வளைத்தனர். விலை போகும் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தனர். மற்றவற்றுக்கு வழி திறந்திருந்தும் அவை விலகிச் செல்லாமல் அங்கேயே நின்று குரலெழுப்பியதை, அப்பணியில் இருந்தவர்களே பின்னர் சொல்லியிருக்கிறார்கள். வலையில் சிக்கி மூழ்கிய குட்டிகளின் வயிற்றைக் கிழித்துக் கற்களை நிரப்பிக் கடலில் அமிழ்த்தினார்கள். சில மாதங்களில் அவ்வுடல்கள் வெளியே வந்து உண்மையைக் காட்டிக்கொடுத்தன.

ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் பறவைக் குஞ்சுகள் இரண்டை எடுத்துவிட, தாய்ப்பறவை பரிதவித்துச் சிறகடித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் குஞ்சுகளை எடுத்து அதை வேதனைப்படுத்தியவர் யார் என்று வினவி, திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அந்தக் குஞ்சுகளுக்கு இரை போட்டார்களா இல்லையா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. இரை போட்டால் போதும் என்று வாதிடுவோர் இந்த ஹதீஸை எங்கே வைத்தனர்?

பூமியில் வாழ்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆன் (6:38) அறிவிக்கிறது. பென் கோவில் வளைக்கப்பட்ட இனத்து ஓர்காக்களிடம் இது கண்கூடு. மகனும் மகளும் ஆயுள் முழுதும் தாயின் கூட்டத்திலேயே வாழ்கின்றனர். கூட்டத்துக்குக் கூட்டம் ஒலிவழக்கு வேறுபடுகிறது. இப்படிப்பட்ட உயிரை ஐஸ்லாந்திலிருந்து ஒன்று, பசிபிக்கிலிருந்து ஒன்று என்று கொணர்ந்து ஒரே தொட்டியில் அடைத்துவிட்டு, 'குடும்பம்' என்று விளம்பரம் செய்தார்கள். அந்தத் தொட்டியில் மீன் உணவு மட்டுமன்று, கூலியும் அதுவே. துள்ளினால்தான் மீன்.

1983-ல் ஐஸ்லாந்துக் கடலில் இரண்டு வயதில் பிடிபட்ட திலிகும், கனடாவின் ஒரு பூங்காவில் இரவுதோறும் இருண்ட சிறு தொட்டியில் அடைக்கப்பட்டது. உடனிருந்த பெண் ஓர்காக்கள் அதைப் பல்லால் கீறின. 1991-லும் 2010-லும் பயிற்சியாளர்கள் இருவர் உயிரிழந்ததில் அதற்குப் பங்குண்டு. இடையில் 1999-ல், இரவில் தொட்டிக்குள் இறங்கிய ஒருவரும் மாண்டார். 'கொலைகாரத் திமிங்கிலம்' என்ற பெயர் பொருத்தம்தானே என்பீர்கள். திறந்த கடலில் ஓர்கா ஒரு மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு ஒன்றுகூட இல்லை. (பெயர் வைத்தவனைத்தான் விசாரிக்க வேண்டும்.)

'பிளாக்ஃபிஷ்' ஆவணப்படம் 2013-ல் வெளியான பின்னர்தான் மக்களின் கோபம் திரண்டது. 2016-ல் ஓர்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக சீவேர்ல்டு அறிவித்தது. நுழைவுச்சீட்டு வாங்குவோர் குறைந்ததும் நிறுவனத்துக்கு ஞானம் பிறந்தது என்பது நம் கணிப்பு.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 2023-ல் அபுதாபியில் திறக்கப்பட்ட சீவேர்ல்டில் ஓர்காக்கள் இல்லை, டால்பின்கள் இருக்கின்றன. வளைகுடாவில் வாழும் நம் குடும்பங்கள் பெருநாள் விடுமுறைக்கு எங்கே செல்லலாம் என்று பட்டியலிடும்போது அந்தப் பெயரும் வருகிறது. பிள்ளைகளுக்கு அல்லாஹ்வின் படைப்பைக் காட்டுகிறோம் என்பது பெற்றோர் கூறும் காரணம். படைப்பு எப்படிப் படைக்கப்பட்டதோ அப்படியா அங்கே காட்டப்படுகிறது? மஸ்கட்டிலிருந்து படகேறினால் டால்பின்கள் தம் கூட்டத்தோடு தம் விருப்பப்படி துள்ளுவதைக் காணலாம். சில நாள் அவை கண்ணில் படாமலும் போகலாம். அதையும் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும்.

பென் கோவில் பிடிபட்ட குட்டிகளில் ஒன்றான டோகிடே, மயாமியின் தொட்டியொன்றில் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்தது. அதைத் தாய்க்கடலுக்குக் கொண்டுசேர்க்கும் திட்டம் 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் அது இறந்துபோனது. அக்கடலோரத்துப் பூர்வகுடிகளான லம்மி மக்கள் அதன் சாம்பலைத்தான் ஊருக்குக் கொண்டுவந்தனர்.