வாடிக்கையாளர் நோட்டு... விதைப்புக்கும் வழிகாட்டும்!

‘‘நாங்கள் 12 பெண்கள் சேர்ந்து மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஆட்டி விற்கிறோம். எங்கள் வயல்களில் விளையும் கறுப்புக் கவுனி அரிசியும் உண்டு. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். 300 பேர் போன் நம்பர் எங்களிடம் இருக்கிறது. ஆனாலும், போன வருஷம் ஒரு மாதம் எண்ணெய் போதவில்லை. அடுத்த மாதம் தேங்கி, காறல் வாடை வந்துவிட்டது. கவுனியும் 4 மூட்டை நின்றுவிட்டது. வாடிக்கையாளர் விவரங்களை வைத்து ஆன்லைன் விற்பனையைச் சீராக்கித் தருகிறோம் என்று ஒரு கம்பெனி 40,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?’’
- வாசகி, கல்லல் வட்டாரம், சிவகங்கை மாவட்டம்.

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். அந்தக் கம்பெனி எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும், அதன் சாஃப்ட்வேரில் போடுவதற்கு இந்தக் குழுவிடம் இன்னும் சரக்கு இல்லை. 300 நம்பர் இருக்கிறது, சரி. யார், என்றைக்கு, எதை, எவ்வளவு வாங்கினார் என்ற நான்கும் ஒரே வரியில் இருந்தால்தான் அது பயன்படும் விவரம். அதை எழுத ஒரு நோட்டும், குழுவில் ஒருவர் தினமும் ஒதுக்கும் கால் மணி நேரமும் போதும்.

வாடிக்கையாளர் விவரத்தை வைத்து எப்படிச் சேவை செய்வது என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. அடுப்படியிலேயே இருக்கிறது. 2021 ஜனவரியில் இண்டேன் நிறுவனம் மிஸ்டு கால் மூலம் சிலிண்டர் பதிவு செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. பதிவு செய்த போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். பெயர் சொல்ல வேண்டாம், வீட்டு விலாசம் சொல்ல வேண்டாம், எந்த ஏஜென்சி என்று சொல்ல வேண்டாம். அந்த நம்பருக்கு எதிரே எல்லாம் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட சிலிண்டர் பதிவு செய்கிறார் என்றால், அதற்கு அந்த ஒற்றை வரிப் பதிவுதான் காரணம்.

கல்லல் குழுவும் அந்த அளவுக்கு வந்துவிடலாம். வாடிக்கையாளர் ‘வழக்கம்போல’ என்று ஒரு வார்த்தை அனுப்பினால், அவருக்கு 2 லிட்டர் கடலை எண்ணெயா, 5 லிட்டர் டின்னா, எந்த விலாசத்துக்கு, பார்சலா நேரிலா என்பது நோட்டைப் பார்த்ததும் தெரிய வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலியைக் காசு கொடுக்காமலே இறக்கிக்கொள்ளலாம். பொருள்களைப் படம், விலையோடு அடுக்கி வைக்கவும், வாடிக்கையாளர்களை ‘மாதாமாதம்’, ‘விசேஷத்துக்கு மட்டும்’, ‘வெளியூர்’ என்று அடையாளம் போட்டுப் பிரிக்கவும் அதில் வசதி உண்டு.

மூன்று மாதம் விடாமல் எழுதினால் நோட்டு பேச ஆரம்பிக்கும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 300 பேரில், மாதம் தவறாமல் வாங்குகிறவர்கள் 60 குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு 3 லிட்டர் என்றால், மாதம் 180 லிட்டர். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ 2.5 கிலோ பருப்பு ஆட்ட வேண்டியிருக்கும். அப்படியானால் மாதம் 450 கிலோ பருப்பு. 100 கிலோ காய்க்கு 70 கிலோ பருப்பு என்று கணக்கிட்டால், சுமார் 640 கிலோ காய். ஆறு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 3,850 கிலோ. அறுவடை முடிந்ததும் வியாபாரி களத்துக்கே வந்து விலை பேசும்போது, எத்தனை மூட்டையைக் கொடுக்கலாம், எத்தனை மூட்டையைக் கண்டிப்பாக நிறுத்தி வைக்க வேண்டும் என்று குழு அன்றைக்கே சொல்லிவிட முடியும். எண்ணெயையும் தேவைக்கேற்ப வாரம் ஒருமுறை ஆட்டினால், தேங்கிக் காறல் அடிக்க வழியே இல்லை. போன வருஷ நஷ்டத்தில் பாதி, இந்த ஒரு கணக்கைப் போடாததால் வந்ததுதான்.

செய்தி அனுப்புவதும் இதே நோட்டை வைத்துத்தான். ஒரு வீட்டில் 5 லிட்டர் டின் 40 நாளில் காலியாகிறது என்று தெரிந்தால், 35-வது நாள் அவருக்கு மட்டும் ஒரு வரி எழுதலாம். தினமும் எல்லோருக்கும் ‘காலை வணக்கம்’ படத்தோடு விலைப்பட்டியல் அனுப்பினால், நல்ல வாடிக்கையாளரும் நம்பரை பிளாக் செய்துவிடுவார். இன்னொன்று, வாட்ஸ்அப் குரூப் தொடங்கி 300 பேரையும் அதில் சேர்க்கவே கூடாது. ஒருவர் நம்பர் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். போட்டிக்கு எண்ணெய் விற்கிற ஒருவர் உள்ளே வந்தால், ஒரே இரவில் முழுப் பட்டியலும் அவர் கைக்குப் போய்விடும். பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால், குழுவின் நம்பரை யார் தங்கள் போனில் சேமித்திருக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் முதல் பார்சலிலேயே ‘எங்கள் நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு சீட்டு வைப்பது நல்லது.

கவுனி விஷயம் வேறு. அதை யாரும் மாதாமாதம் வாங்குவதில்லை. செட்டிநாட்டுக் கல்யாண இலையில் சர்க்கரையும் தேங்காயும் சேர்த்த கவுனி அரிசிக்குத் தனி இடம் உண்டு. சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் குடும்பங்கள் ஊரில் கல்யாணம், சாந்தி, கோயில் காரியம் என்று வரும்போதுதான் கேட்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. ஆக, எந்த மாதத்தில் எந்தக் காரியத்துக்கு எத்தனை கிலோ போனது என்பதை எழுதி வைக்க வேண்டும். கவுனி 5 மாதம் வரை வயலில் நிற்கும் நெல். புரட்டாசி மழையை நம்பி விதைத்தால், புது அரிசி கைக்கு வர மாசி, பங்குனி ஆகிவிடும். எனவே, ஆவணியிலேயே பழைய வாடிக்கையாளர்களுக்கு எழுதி, அடுத்த வருஷம் வீட்டில் விசேஷம் உண்டா, எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டு, சிறு தொகை முன்பணம் வாங்கிக்கொள்ளலாம். கண்மாய் பெருகாமல் விளைச்சல் போனால், பணத்தைத் திருப்பித் தருவோம் என்று அப்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முன்பணம் வந்த அளவுக்குத்தான் கவுனி. மிச்ச நிலத்தில் வழக்கமான நெல். சென்னையில் ஆவின் மாதாந்திரப் பால் அட்டை காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது. முன்கூட்டியே பணம் கட்டும் அட்டைதாரருக்கு விலை குறைவு. நாளைக் காலை எந்தத் தெருவுக்கு எத்தனை பாக்கெட் என்பது நிறுவனத்துக்கு இன்றே தெரியும்.

எதை எழுதக் கூடாது என்பதும் முக்கியம். ஆதார் எண் வேண்டாம், எண்ணெய் விற்க அது எதற்கு? நகரத்தார் வீட்டு விசேஷம் என்றால் ‘எந்தக் கோயில்?’ என்ற கேள்வி இந்தப் பக்கம் சகஜம். ஒன்பது கோயிலில் இன்ன கோயில் என்று குறித்து வைத்தால் கல்யாண ஆர்டர் பிடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். வாடிக்கையாளர் பேச்சுவாக்கில் சொன்னதை நோட்டில் ஏற்றுவது வியாபாரத்துக்கு அழகல்ல.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. செட்டிநாட்டில் தெருவுக்குத் தெரு பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ‘15-ம் தேதி வருகிறோம், 22-ம் தேதி கிளம்பிவிடுவோம், அதற்குள் அரிசியைக் கொடுத்துவிடுங்கள்’ என்று ஒருவர் செய்தி அனுப்பினால், அது வெறும் ஆர்டர் மட்டுமல்ல. எந்த வீடு என்றைக்குக் காலியாக இருக்கும் என்ற தகவலும் அதில் இருக்கிறது. அந்தப் போன் பூட்டு இல்லாமல் செக்குக்கு அருகில் கிடந்தால், வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கலாம். போனுக்கு ரகசிய எண் போட வேண்டும். டெலிவரிக்குப் போகும் பையனுக்கு அன்றைய விலாசம் மட்டும் கொடுத்தால் போதும். சரக்கு கொடுத்து முடிந்ததும் வருகிற, போகிற தேதிகளை அழித்துவிட வேண்டும். வாங்கிய பொருள், அளவு, மாதம் மட்டும் நோட்டில் இருக்கட்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் பெற வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அவர் அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும். காகித நோட்டை இந்தச் சட்டம் தொடாது. அதையே போனிலோ கம்ப்யூட்டரிலோ ஏற்றிவிட்டால் தொடும். ‘உங்கள் நம்பரையும் விலாசத்தையும் ஆர்டருக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம், வேண்டாம் என்றால் சொல்லுங்கள், நீக்கிவிடுகிறோம்’ என்று ஒரு செய்தி அனுப்பிப் பதில் வாங்கி வைப்பது இப்போதே நல்லது.

கணக்குப் புத்தகத்தின் பலம் காரைக்குடிக்குப் புதிதல்ல. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த நகரத்தார், இங்கே இருந்தபடியே ஏஜெண்டுகள் அனுப்பும் பேரேட்டையும் ஐந்தொகையையும் பார்த்துத் தொழில் நடத்தினார்கள். பர்மா விவசாயிக்கு விதைப்பு நேரத்தில் கடன் கிடைத்ததற்கும் அதுவே காரணம். யார் எவ்வளவு திருப்பிக் கட்டுவார் என்று புத்தகம் சொல்லிவிடும். அதே புத்தகத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1930-களில் உலகமெங்கும் நெல் விலை சரிந்தபோது, கடன் கட்ட முடியாத நிலமெல்லாம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் 1930-ல் 6 சதவிகிதமாக இருந்த நிலம், 1938-ல் 25 சதவிகிதம் ஆனது. நிலம் வேண்டும் என்று அவர்கள் போனதாகத் தெரியவில்லை. ஆனால், விவசாயியின் கணக்கு முழுவதும் ஒரு தரப்பின் கையில் மட்டும் இருந்தது.

அந்த 40,000 ரூபாய் கம்பெனியிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலேயே இருக்கிறது. நாளைக்கு விலகினால் வாடிக்கையாளர் பட்டியல், பழைய ஆர்டர் எல்லாவற்றையும் எக்ஸெல் கோப்பாகத் தருவார்களா? ஆர்டர் வரும் போன் நம்பர் குழுவின் பெயரில் இருக்குமா, கம்பெனி பெயரிலா? அதே 300 பேருக்கு வேறொருவர் எண்ணெயை விளம்பரம் செய்ய மாட்டோம் என்று எழுதித் தருவார்களா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் அனுப்பிவிடலாம். ஒரு வருஷம் நோட்டு எழுதி, தினம் 50 ஆர்டர் என்று கை வலிக்கும் நிலை வந்த பிறகு சாஃப்ட்வேர் வாங்கினால், அப்போது அது செலவுக்குத் தக்க வேலை செய்யும்.

‘‘விவசாயிகளுக்கு அடையாள எண் தருகிறோம் என்று ஆதார், பட்டா, போனுக்கு வரும் ஓ.டி.பி எல்லாம் கேட்கிறார்கள். கொடுத்தால் ஏமாந்துபோவோமா?’’
- வாசகர், தேவகோட்டை.

தனித்துவ அடையாள எண் அரசுத் திட்டம்தான். தமிழ்நாட்டில் 2025-ல் பதிவு தொடங்கியது. வேளாண்மைத் துறை முகாமிலோ, பொது சேவை மையத்திலோ நேரில் போய், பதிவு செய்பவர் எதிரில் இருக்கும்போது, அந்தப் பதிவுக்காக வரும் ஓ.டி.பி-யைச் சொல்லலாம். போனில் கூப்பிட்டுக் கேட்டால் யாருக்கும் சொல்லக் கூடாது. பி.எம் கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே ஃபைலைத் தொடவே வேண்டாம். திறந்தால் வங்கிக் கணக்கு காலியாகும் ஆபத்து உண்டு. உழவன் செயலியையும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்க வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால், உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுக்கவும். அழைப்பு வந்தது அரசிடமிருந்துதானா என்று சந்தேகம் இருந்தால், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் நேரில் கேட்கலாம். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தமிழில் விளக்கம் பெறலாம்.