களைக் கணக்கெடுப்பு வீண் வேலையா?

“களை என்றால் களைதான். பிடுங்கு, இல்லையேல் மருந்தடி. அதற்குப் பெயரும் எண்ணிக்கையும் எதற்கு?” சோயா பயிரிடும் ஊர்களில் களைக் கணக்கெடுப்பு என்ற பேச்சு எழுந்தாலே வரும் பதில் இது. இந்த எண்ணம் விளைச்சலைத் தின்கிறது. இதன் ஒவ்வொரு வாதத்தையும் எடுத்துப் பார்ப்போம்.

“எல்லாக் களையும் ஒன்றுதான்.” இல்லை. மத்தியப் பிரதேசத்துச் சோயா வயல்களில் புல், கோரை, அகன்ற இலைச் செடி என மூன்று வகையும் கலந்து முளைக்கின்றன. குப்பைமேனியை வேரோடு பிடுங்கினால் தீர்ந்தது. கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு. மேலே அறுத்தால் மறுபடி துளிர்க்கும். வங்கத்தின் பெயரைத் தன் அறிவியல் பெயரில் தாங்கிய கானாவாழையோ தரைக்கு மேலும் பூக்கும், மண்ணுக்கடியிலும் பூத்து விதை கட்டும். அதன் தண்டை வெட்டிப் போட்டால் ஈர மண்ணில் துண்டுகள் வேர்விடும். எது மிகுதி என்று தெரியாமல் கொத்தினால், சில வயல்களில் களையை நாமே நட்டதாக முடியும்.

“களைக்கொல்லி எல்லாவற்றையும் முடித்துவிடும்.” சோயாவுக்கு அடிக்கும் குயிசலோஃபாப் புல் வகைகளைத்தான் கொல்லும். கோரையும் அகன்ற இலைக் களையும் நிறைந்த வயலில் அதை அடித்தால் பணம்தான் போகும். ஒரே மருந்தை ஆண்டுதோறும் அடித்தால், அதைத் தாங்கும் செடிகள் மிஞ்சிப் பெருகும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிளைபோசேட்டைத் தாங்கும் பருத்தி பரவியபின், அந்த மருந்துக்கு எளிதில் மடியாத இதே கானாவாழை பெருந்தொல்லையாக வளர்ந்தது. அளவெடுத்தவர்களுக்கு இந்த மாற்றம் தொடக்கத்திலேயே தெரியும்.

“தாவரங்களின் பட்டியல்தான் ஏற்கெனவே இருக்கிறதே.” இருக்கிறது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1890-இல் தொடங்கியது. ஹூக்ளிக்கு மறுகரையில், 1787-இல் அமைந்த சிப்பூர் தாவரவியல் பூங்காவிலுள்ள மத்திய தேசிய உலர்தாவரக் காப்பகத்தில் ஏறத்தாழ 20 லட்சம் மாதிரிகள் உள்ளன. பெயரை உறுதிசெய்ய அதைவிடச் சிறந்த துணை இல்லை. ஆனால் இந்தப் பருவத்தில், இந்த வயலில், சதுர மீட்டருக்கு எத்தனை செடி என்பதை அந்த அலமாரிகள் சொல்லா. களைகள் இடம்பெயர்பவை. 1950-களின் நடுவில் புனேயில் கவனத்துக்கு வந்த பார்த்தீனியம் இன்று நாடெங்கும் பரவிவிட்டது.

“களையால் ஒரு பயனும் இல்லை.” காளி பூஜைக்கு முந்தைய நாளான பூத சதுர்தசியன்று கொல்கத்தாச் சந்தைகளில் 14 கீரைக் கட்டு விற்கும். ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, சக்கரவர்த்திக்கீரை எனப் பல வயலில் களையாக முளைப்பவை. சோயா வயலில் முளைக்கும் தொய்யக்கீரையும் நம் சமையலுக்குப் புதிதல்ல. மருந்து படாதவரை இவை உணவு. எது எங்கே முளைக்கிறது என்று தெரிந்தால்தான் பறிப்பதா ஒழிப்பதா என்று முடிவு செய்யலாம்.

“அதற்கெல்லாம் நேரம் ஏது?” அரை மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம் ஒன்று போதும். வயலுக்குள் வளைந்து வளைந்து நடந்து, பல இடங்களில் அதை வைத்து, உள்ளே நிற்கும் செடிகளை இனவாரியாக எண்ணிக் குறிக்க வேண்டும். எத்தனை சட்டங்களில் ஒரு களை வந்தது, எத்தனை செடி நின்றது என்ற இரண்டு கணக்கும் கையில் கிடைக்கும். சோயா விதைத்த 30 முதல் 45 நாளுக்குள் களையை அடக்காவிட்டால் பயிர் பின்தங்கிவிடும். அந்த நாட்களில்தான் பருவமழையும் கொட்டி, ஆளை வயலில் இறங்கவிடாது. தவறான மருந்தை அடித்துவிட்டு மறுபடி அடிக்க அப்போது அவகாசம் இல்லை.

ஆகவே மருந்துக் கடைக்குப் போகுமுன் வயலை எண்ணுங்கள். வேளாண் துறையும் மருந்தைப் பரிந்துரைக்குமுன் அந்தப் பகுதியின் களைக் கணக்கை உழவர் முன் வைக்க வேண்டும். கணக்கில்லாத பரிந்துரையின் விலையை உழவர்தான் தருகிறார்.